மாமனார் வண்டிக்குத் தொண்டை அடைப்பு

மாமனார் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தால் வண்டியைத் தெருவின் எதிர்ப்பக்கம், வேலியோரமாக நிறுத்துவார். வேலை வைக்க வந்தால் யாரையும் கேட்காமல் நேரே மாப்பிள்ளையின் கடைக்குள் ஓட்டி, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டிய பள்ளத்தின் மேல் நிறுத்திவிடுவார். அன்று காலை பள்ளத்தின் மேல் ஏற்கெனவே ஒரு டாக்ஸி நின்றிருந்தது. அதன் பின்னால் முட்டாத குறையாக வந்து நின்று ஹாரன் அடித்தார். டாக்ஸிக்காரர் கோபமாகத் திரும்பிப் பார்த்தார்.

"என் மாமனார்," என்றான் மாப்பிள்ளை.

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. டாக்ஸிக்காரருக்கும் மாமனார் இருந்தார். பேசாமல் வண்டியை எடுத்து வழிவிட்டார்.

"மாப்பிள்ளை, நம்ம வண்டிக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு," என்றார் மாமனார் இறங்கியதும். "சத்தமே வர மாட்டேங்குது. சைலன்சர்ல என்னமோ போய் உக்காந்திருக்கு. பிரிச்சுப் பாருங்க."

அவர் எஞ்சினை அணைத்திருக்கவில்லை. பழைய டீசல் பிக்கப் எப்படி ஓடுமோ அப்படித்தான் அது ஓடிக்கொண்டிருந்தது, வயிற்றுக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரி. அந்தச் சைலன்சரைப் போன வருஷம் மாப்பிள்ளைதான் தன் கையால் பொருத்தினான். நல்ல கனமான தகடு, உள்ளே சரியான அடுக்கு. அதில் உட்கார எதற்கும் இடமே இல்லை.

மாப்பிள்ளையின் தொழிலே அதுதான். கார், வேன், பிக்கப் எதுவானாலும் புகைக்குழாய் வேலை என்றால் அந்தப் பக்கத்து ஆட்கள் அவன் கடைக்குத்தான் வருவார்கள். அலறிக்கொண்டு உள்ளே வருகிற வண்டி வெளியே போகும்போது பூனை மாதிரி போகவேண்டும் என்பது அவனுக்கு ஒரு வெறி. அவன் பேச்சும் அப்படித்தான். கிரைண்டரும் சம்மட்டியும் நாள் முழுக்கக் கத்துகிற இடத்தில் அவன் மட்டும் பக்கத்தில் இருப்பவனுக்கு ரகசியம் சொல்கிற மாதிரி பேசுவான். கூட்டாளிகள் அவனையே சைலன்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். தொழிலுக்கு வைத்த பேரா, குணத்துக்கு வைத்த பேரா என்று அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் யாருக்கும் காதில் விழுந்திருக்காது.

எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அடைப்பு ஒண்ணும் இல்ல மாமா."

"உடைப்பா? எந்த இடத்துல?"

"உடைப்பு இல்ல. புகைகூடச் சரியாத்தான் வருது."

"பகையா? எனக்கு யாரோடயும் பகை கிடையாது மாப்பிள்ளை. நான் உண்டு, என் கதவு ஜன்னல் உண்டுன்னு இருக்கறவன்."

அது உண்மைதான். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றையும் வாங்கி வந்து, இழைத்து, வண்ணம் பூசி, வீடு கட்டுகிறவர்களுக்கு விற்பது அவர் வியாபாரம். வண்டியின் பின்பக்கம் எப்போதும் இரண்டு கதவாவது கயிறு கட்டிக் கிடக்கும்.

மாப்பிள்ளை பள்ளத்தில் இறங்கிக் குழாய் நெடுகத் தடவிப் பார்த்தான். பின்னால் குழாயைப் பிடித்திருக்கிற ஒரு கிளாம்பின் மரை மட்டும் இளகியிருந்தது. "ஒண்ணே ஒண்ணு லூசு மாமா," என்றான் கீழேயிருந்து.

மேலேயிருந்து மாமனாரின் முகம் குனிந்து எட்டிப் பார்த்தது. "யாரு?"

"கிளாம்ப் மாமா! கிளாம்ப்!" என்று ஸ்பேனரால் அதைத் தட்டித் தட்டிக் காட்டினான். டாக்ஸிக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மாப்பிள்ளைக்கு விஷயம் அப்போதே விளங்கிவிட்டது. வண்டியின் தொண்டையில் கோளாறு இல்லை. ஆனால் அதை எந்த மாப்பிள்ளை வாய்விட்டுச் சொல்வான்? மரையை முறுக்கினான், சும்மா நாலு தட்டு தட்டினான், கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து தலையாட்டினான். மாமனார் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல," என்று அரைமனசாகக் கிளம்பினார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னான். அவள் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நாள் பூராவும் மைக்கில் சொல்பவள். மைக் இல்லாமலும் அவள் குரல் நாலு வீடு தாண்டும்.

"உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றாள். "அப்பா டிவி வெக்கற சத்தத்துல எதிர்வீட்டுக்காரங்க அவங்க டிவி சத்தத்தையே அணைச்சுட்டாங்க. படத்தை மட்டும் அவங்க வீட்டுல பாக்கறாங்க, வசனத்தை அப்பா வீட்டுலேர்ந்து கேட்டுக்கறாங்க."

"நீ சொல்லேன் அப்பாகிட்ட."

"சொன்னேனே. 'நீ பேசறது எனக்கு நல்லாக் கேக்குதே, அப்புறம் காதுக்கு என்ன?'ங்கறாரு. நான் பேசறது யாருக்குத்தான் கேக்காது? அம்மா சொன்னா, 'உங்க அம்மா கத்தினா தெருவே கேக்குது'ங்கறாரு. அவரோட கணக்குப்படி ஊமையா இருக்கறது நீங்க ஒருத்தர்தான். 'மாப்பிள்ளை நல்ல பையன், என்ன, வாயைத் திறந்து பேச மாட்டேங்கறாரு'ன்னு வருத்தப்படறாரு. நீங்களே சொல்லுங்க."

"நானா? நான் மாப்பிள்ளை."

"அதான் சொல்றேன். மாப்பிள்ளை சொன்னா மதிப்பாரு."

"கேட்டாத்தானே மதிக்கறதுக்கு?"

அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரியும், மாமனார் மறுபடியும் வருவார்.

வந்தார். இந்தத் தடவை முகத்தில் வேறு ஏதோ இருந்தது. பள்ளத்தின் மேல் நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"நேத்து பாலத்து மேட்டுல ஏறறப்ப வண்டி அணைஞ்சு போச்சு மாப்பிள்ளை," என்றார். "பின்னால ரெட்டைக் கதவு, நல்ல பாரம். முன்னெல்லாம் இவன் மூச்சு வாங்கினா எனக்குத் தெரியும். உடனே கியரைக் குறைச்சுருவேன். நேத்து ஒரு வார்த்தை சொல்லல. நல்லாத்தான் ஏறுறான்னு நெனச்சேன், படக்குன்னு நின்னுட்டான். பின்னால ஒரு பஸ். வண்டி உருண்டு போய் அது மேல சாய்ஞ்சிருந்தா?"

கியர் மாற்றுவதற்கு அவர் ஒருபோதும் மீட்டரைப் பார்த்ததில்லை. அந்த வண்டியில் மீட்டர் முள் எத்தனையோ வருஷமாகப் படுத்தே கிடந்தது. எஞ்சினின் குரலைக் கேட்டு ஓட்டுகிறவர் அவர். அந்தக் குரல் இப்போது அவரை எட்டவில்லை. அப்போதாவது மாப்பிள்ளை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். "மாமா, அது வந்து..." என்றான். மாமனார் காதை நீட்டி, "ஆங்?" என்றார். அந்த "ஆங்"கில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் வந்த சொல் உள்ளேயே போய்விட்டது.

"சத்தம் வர்ற மாதிரி பண்ணிடறேன்," என்று கையால் சைகை காட்டினான்.

சைலன்சர் பெட்டியை வெட்டி எடுத்தான். கிரைண்டர் தகட்டில் பட்டுத் தீப்பொறி பறந்தபோது தன் விரலையே அறுக்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. பெட்டி இருந்த இடத்தில் நேர்க்குழாய் ஒன்றை வைத்து வெல்டிங் செய்தான். முடித்ததும் மாமனார் சாவியைத் திருகினார்.

கூரைத் தகரத்தில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் எழுந்து பறந்தன. அடுத்த கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவர் கோணலாக வெட்டிவிட்டார். சுவரில் ஆணியில் தொங்கிய வளைகுழாய்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. மாமனார் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ம்... இப்பத்தான் லேசா முணுமுணுக்க ஆரம்பிச்சிருக்கான்," என்றார். "இன்னும் கொஞ்சம் திறந்து விடுங்க."

மாப்பிள்ளை யோசித்தான். இனி வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. குழாயின் வாயைத்தான் இடம் மாற்ற முடியும். பின்பக்கம் போகிற குழாயைப் பாதியில் திருப்பி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மேலே ஏற்றி, மாமனாரின் தலைக்கு நேராக வெளியே வருகிற மாதிரி நிறுத்தினான். புகை கண்ணில் படாமல் இருக்க நுனியைப் பின்பக்கமாக வளைத்தான். தோள் உரசினால் சுடாமல் இருக்க ஓட்டை போட்ட தகடு ஒன்றைச் சுற்றிக் கட்டினான். வேலை என்னவோ அழகாகத்தான் அமைந்தது. அந்த அழகு அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

மாமனார் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். அவர் எங்கே போனார், எங்கே திரும்பினார், எப்போது வருகிறார் என்பதெல்லாம் கடையில் நின்றபடியே தெரிந்தது.

"மாப்பிள்ளை!" என்றார் இறங்கி. "நீங்க கைராசிக்காரர்!"

அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு நிம்மதி போயிற்று. மாமனாரின் தெருவில் இருந்தவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய மனுஷர், நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்பவர், அவரிடம் எப்படிச் சொல்வது? எல்லோரும் மாப்பிள்ளையின் கடைக்கு வந்து சொன்னார்கள். டியூஷன் டீச்சர் வந்தார். காலையில் மாமனாரின் வண்டி கிளம்பினால் பிள்ளைகள் வாய்ப்பாட்டை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சத்தம் தெருமுனை தாண்டிய பிறகு வேறொரு இடத்தில் தொடங்குகிறார்களாம். தையல்காரர் வந்தார். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற நேரத்தில் ஊசி தடம் மாறிப் போகிறதாம். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உங்க கை வேலை நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுத்தார்கள்.

அதைவிடக் கொடுமை வேறொன்று. பைக்கில் வந்த ரெண்டு வாலிபர்கள், "அண்ணே, அந்தப் பெரியவர் பிக்கப்புக்குப் போட்டீங்களே, அதே மாதிரி எங்களுக்கும் போடுங்க," என்று கேட்டார்கள். பூனை மாதிரி வண்டி அனுப்புகிறவன் என்று இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேர் ஒரே வாரத்தில் கரைந்து போயிற்று. அவர்களைத் துரத்திவிட்டு, கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு, வெகுநேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

பிறகு டிராபிக் போலீஸ்காரர் வந்தார்.

"அந்தப் பிக்கப் உங்க மாமனாரோடதா?" என்றார். "நிறுத்தி, சைலன்சர் எங்கேன்னு கேட்டேன். எங்கே போட்டதுன்னு கேட்டதா நெனச்சுக்கிட்டாரு போல. உங்க கடைக்கு வழி சொல்றாரு. 'என் மாப்பிள்ளைதான், சொன்னா நல்லாச் செய்வாரு, என் பேரைச் சொல்லுங்க'ங்கறாரு. நான் இன்னும் சத்தமாக் கேட்டா, தோள்ல தட்டிக் கொடுத்துட்டுப் போறாரு. என் வேலையில என்னை யாரும் தட்டிக் கொடுத்ததில்ல, அதனால விட்டுட்டேன். அடுத்த வாரமும் அதே சத்தத்தோட பாத்தேன்னா வண்டியைப் பிடிச்சு வெச்சுருவேன்."

அன்று ராத்திரி மனைவி சோறு போட்டபடியே சொன்னாள். "சொல்லிடுங்க. வேணும்னா பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டு வாங்க. மைக்கைத் தர்றேன்."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்ல. போலீஸ்காரர் பிடிச்சு வெச்சாருன்னா அப்பா வண்டி இல்லாம ஒரு நாள் தாங்க மாட்டாரு. அதுக்கு முன்னால வாயைத் திறங்க."

மறுநாள் மாமனாரே வாய்ப்பை உண்டாக்கினார். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெரிய வாசல் கதவு ஒன்றைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இறக்க ஒரு ஆள் தேவை. "நீங்களும் வாங்க மாப்பிள்ளை. உங்க வேலை எப்படி ஓடுதுன்னு உக்காந்து பாத்தாத்தானே தெரியும்?" என்றார்.

வண்டிக்குள் உட்கார்ந்ததும் மாப்பிள்ளைக்குத் தலைக்குள் யாரோ மாவு அரைக்கிற மாதிரி இருந்தது. பல் கிட்டிப் போயிற்று. மாமனார் சுகமாகச் சாய்ந்து ஓட்டினார். மேடு வந்தது. எஞ்சின் குரல் கொஞ்சம் கனத்தது. அந்த நொடியே அவர் கை கியருக்குப் போயிற்று. வண்டி தடங்கலே இல்லாமல் ஏறியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"மாமா, கடை எப்படி..." என்று தொடங்கினான் மாப்பிள்ளை. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் வாழ்க்கையில் முதல் தடவையாக அடிவயிற்றிலிருந்து கத்தினான். "மாமா! வியாபாரம் எப்படிப் போகுது?"

மாமனார் ஆச்சரியத்தோடு திரும்பினார். "அடடே! நல்லாப் போகுது மாப்பிள்ளை! தேக்குக் கதவுக்கு ஆள் அடிச்சுக்கிட்டு நிக்கறாங்க! உங்களுக்கு எப்படி?"

"எனக்கும் நல்லாப் போகுது!"

"வீட்டுல எல்லாம் சௌக்கியமா? என் பொண்ணு ரொம்பக் கத்தறாளா?"

"கத்தறா!"

"அவ அம்மா மாதிரி!"

கத்திக் கத்திப் பேசிக்கொண்டு போனார்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இவ்வளவு பேசியதில்லை. மாமனார் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாகப் பதில் வந்தது, மாப்பிள்ளை சொல்கிற ஒவ்வொன்றும் அவரைப் போய்ச் சேர்ந்தது. பேச்சோடு பேச்சாக, போகிற வழியில் எங்காவது காபி குடிக்கலாம் என்றார் மாமனார்.

"சர்க்கரை இல்லாமச் சொல்லுங்க மாமா!"

"ஏன், உடம்புக்கு ஏதாவதா?"

"எனக்கு எப்பவுமே சர்க்கரை பிடிக்காது!"

மாமனார் வண்டியை மெதுவாக்கினார். "என்ன சொல்றீங்க? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே நீங்க 'சர்க்கரை வேணும்'னு சொன்னீங்களே! பாவம், கூச்சப்படற பையன் வாய்விட்டுக் கேட்டுட்டாரேன்னு உங்க அத்தைகிட்டச் சொல்லி எப்பவும் உங்களுக்கு மட்டும் ரெண்டு கரண்டி கூடப் போடச் சொல்லியிருக்கேன்!"

"'வேணாம்'னு சொன்னேன் மாமா!"

"வேணாமா!" மாமனார் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அதை இத்தனை வருஷமா முகத்தைச் சுளிக்காமக் குடிச்சீங்களா? என்ன மனுஷன்யா நீங்க! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அந்தச் சிரிப்பு மாப்பிள்ளைக்குத் தைரியம் கொடுத்தது. சொல்லிவிட வேண்டியதுதான். மூச்சை இழுத்துக்கொண்டான்.

"மாமா! இன்னொண்ணும் சொல்லணும்! வண்டிக்கு ஒண்ணுமே இல்ல!"

"வண்டிக்கு என்ன? அதான் ஜம்முனு ஓடுதே!"

"முன்னாடியும் நல்லாத்தான் இருந்துச்சு! கோளாறு வண்டியில இல்ல! வந்து... உங்க..."

எதிரே ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் வண்டிகள் நின்றிருந்தன. கேட்டில் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுவது மாமனாரின் நெடுநாள் பழக்கம். டீசல் மிச்சம். மாப்பிள்ளை அதைக் கவனிக்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, கத்தினான்.

"உங்களுக்குக் காது கேக்கல மாமா!"

எஞ்சின் அணைந்திருந்தது. கேட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அத்தனை தலைகளும் திரும்பின. முட்டை அட்டைகளைச் சைக்கிளில் அடுக்கிக் கட்டியிருந்தவர் ஒரு கையால் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வேன் ஜன்னலில் வரிசையாக முகங்கள். கேட் கீப்பர்கூடத் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மாமனார் மெதுவாகத் திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

மாப்பிள்ளை பழைய குரலுக்குத் திரும்பிவிட்டான். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்ற ஒருவர் உதவி செய்கிறேன் என்று ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "பெரியவரே, உங்களுக்குக் காது கேக்கலைன்னு சொல்றாருங்க!" என்றார்.

"அது கேட்டுச்சு தம்பி," என்றார் மாமனார். "இது எங்க குடும்ப விஷயம். நீங்க கேட்டைப் பாருங்க."

ரயில் வந்தது, பெட்டி பெட்டியாகக் கடந்து போயிற்று. மாமனார் ஸ்டியரிங்கின் மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தான். கடைசிப் பெட்டி போன பிறகு அவர் கேட்டார்.

"அப்ப வண்டி நல்லாத்தான் இருந்துச்சா?"

தலையாட்டினான்.

"நான் வந்த மொத நாளே தெரியுமா?"

மறுபடியும் தலையாட்டினான்.

மாமனாரின் முகம் சிவந்தது. "தெரிஞ்சுமா நல்ல சைலன்சரை வெட்டிப் போட்டீங்க? என்ன மெக்கானிக்கு நீங்க? நல்லா இருக்கற பொருளை வெட்ட எப்படி மனசு வந்துச்சு?"

எதற்கெல்லாமோ திட்டு வாங்கத் தயாராக வந்தவன் இதை எதிர்பார்க்கவில்லை. "நீங்கதானே மாமா சொன்னீங்க..." என்றான். அவர் அவன் வாயையே பார்த்துப் புரிந்துகொண்டார்.

"நான் ஆயிரம் சொல்வேன்! நாளைக்கு ஸ்டியரிங்கைக் கழட்டுன்னா கழட்டிடுவீங்களா? மாமனார்னா பயமா? தொழில்ல என்னய்யா மாமனாரு?"

கேட் திறந்தது. அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கதவை இறக்கினார்கள். இரண்டு பேராகத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் பார்த்து, மரத்தின் சத்தத்தைக் கேட்டுப் பாராட்டினார். மாமனாரும் தட்டிப் பார்த்தார். பிறகு காதைக் கதவோடு ஒட்டிவைத்து இன்னொரு தடவை தட்டினார். அதை மாப்பிள்ளை மட்டும் பார்த்தான்.

திரும்புகிற வழியில் காபிக் கடையில் நிறுத்தினார். "ஒண்ணு சர்க்கரை இல்லாம," என்று சொல்லிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மேட்டுல வண்டி நின்னப்ப நிஜமாவே பயந்துட்டேன்," என்றார். "வண்டிக்கு வயசாச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். அது நல்ல சௌகரியமா இருந்துச்சு. காதுல மெஷின் மாட்டிக்கிட்டு வந்தா கிழவன்னு சொல்லிருவாங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை அவர் மீசையைப் பார்த்தான். அது வெள்ளையாகிப் பல வருஷமாயிற்று. அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, கொஞ்சம் பலமாகவே சொன்னான். "மெஷின் இல்லாமலும் அப்படித்தான் மாமா சொல்றாங்க."

மாமனார் முறைத்தார். பிறகு காபி மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தார்.

டாக்டரிடம் மகள் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு காதில் பாதி குறும்பி, பாதி வயசு. இன்னொரு காதில் முழுக்க வயசு. ஒன்றைச் சுத்தம் செய்து, இன்னொன்றில் பயறு அளவுக்கு ஒரு மெஷினை வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமியார் அடுப்படியில் நின்று தனக்குத்தானே எதையோ சொல்லிக்கொண்டாள். கூடத்திலிருந்து, "அப்படி ஒண்ணும் நான் பிடிவாதக்காரன் இல்ல," என்று பதில் வந்தது. மாமியார் கரண்டியைக் கீழே போட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் முணுமுணுத்த எதற்கும் இதுவரை பதில் வந்ததில்லை.

மாமனார் அதோடு நில்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வண்டியில் ஏறி, திருகினார்.

தெருவில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள், வண்டி எழுப்பிய சத்தத்தைவிட மாமனார் போட்ட சத்தம்தான் பெரிதாக இருந்தது என்று. ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்து குதித்து ஓடினார். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார். வெடித்தது தன் வண்டிதான், அது இன்னும் வெடித்துக்கொண்டேதான் இருக்கிறது என்று புரிந்ததும், ஓடிவந்து அணைத்தார். தெரு அமைதியாயிற்று. ஜன்னல்களில் முகங்கள். டியூஷன் டீச்சர் கையில் சாக்பீஸோடு வாசலில் நின்றார்.

"டீச்சர்," என்றார் மாமனார், "இத்தனை நாளும் இப்படித்தானா?"

டீச்சர் நாகரிகமானவர். "பழகிடுச்சுங்க," என்றார்.

மறுபடியும் அதைக் கிளப்ப மாமனாருக்கு மனசே வரவில்லை. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. கேட்பதற்கு முன்னாலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். தையல்காரர் ஊசி குத்திய சட்டையோடு வந்து தோள் கொடுத்தார். டீச்சர் பின்னால் கை வைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அந்தத் தெருக்காரர்கள் எதையும் தள்ளிப் பார்த்ததில்லை. தெருமுனை வந்த பிறகும், "இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிடலாமே," என்றார் தையல்காரர்.

அங்கிருந்து கடைக்கு ஓட்டி வந்து, மாமனார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார். "வெட்டிப் போட்டதை எடைக்குப் போட்டிருப்பீங்க. புதுசே போடுங்க," என்றார்.

மாப்பிள்ளை உள்ளே போய், வெட்டியெடுத்த பழைய சைலன்சரைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு முனையிலும் துணி சுற்றி, தூசி போகாமல் கட்டி வைத்திருந்தான். மேலே ஏற்றிய குழாயை அறுத்து எடுத்தான். பழைய தடத்தில் குழாயை வளைத்துக் கொண்டுபோய், பெட்டியை நிறுத்தி, முனைக்கு முனை பொருத்தி வெல்டிங் செய்தான். கிளாம்ப் எல்லாம் புதிது. தொங்குகிற ரப்பர்களையும் மாற்றினான். மாமனார் பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, நடக்கிற ஒவ்வொன்றின் சத்தத்தையும் புதுசாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வெல்டிங் ராடு தகட்டில் பட்டுச் சீறுகிறது, நட்டு கீழே விழுந்து உருள்கிறது, கூரையில் புறா நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையாட்டல்.

வேலை முடிந்து வண்டியைக் கிளப்பினார்கள். கடகடவென்று, வயிற்றுக்குள் கூழாங்கல் உருள்கிற அதே சத்தம். மாப்பிள்ளைக்கு அப்பாடா என்றிருந்தது. மாமனார் மட்டும் முன்பக்கம் வந்து, எஞ்சின் மூடியைத் திறந்து, தலையைச் சாய்த்தார்.

"உஸ்சு உஸ்சுன்னு ஒண்ணு வருதே மாப்பிள்ளை."

மாப்பிள்ளை குனிந்து கேட்டான். "ஒண்ணும் இல்லையே மாமா."

"இதோ. இந்த இடத்துல. பாம்பு மூச்சு விடற மாதிரி. உங்களுக்குக் கேக்கலையா?"

இன்னும் குனிந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். எஞ்சினின் கடகடப்பைத் தவிர அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாமனார் காட்டிய இடத்தில், எஞ்சினோடு குழாய் சேருகிற மூட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனான். சூடான காற்று மெல்லிசாகச் சுருக் சுருக்கென்று வந்து கையைத் தொட்டது. மூட்டை அடைத்திருக்கிற கேஸ்கட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புத் தடம்.

"இருக்கு மாமா," என்றான். கையை எடுத்துப் பார்த்தான். பிறகு, இத்தனை வருஷமாக நாள் முழுக்கத் தன் காதருகே கத்திக் கத்தி, இன்னும் சூடு ஆறாமல் மேஜை மேல் கிடந்த கிரைண்டரைப் பார்த்தான்.

மாமனார் அதைக் கவனித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை விரலில் சுற்றியபடி வெளியே தெருவைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் காது டாக்டர் மறுபடியும் வரச் சொல்லியிருக்காரு," என்றார் கொஞ்சம் கழித்து. "தனியாப் போக போர் அடிக்குது. நீங்களும் வாங்களேன் மாப்பிள்ளை. சும்மா, துணைக்குத்தான்."

"நான் எதுக்கு மாமா?" என்று கேட்டுக்கொண்டே மாப்பிள்ளை கேஸ்கட்டைக் கழற்ற ஸ்பேனரைத் தேடினான்.